யானைக்கும் வலசை, நமக்கும் வலசை: தென்காசி மலையடிவார நிலத்தின் வரலாறு

தென்காசியை ஒட்டி குத்துக்கல்வலசை என்ற ஊர் இருக்கிறது. செங்கோட்டைப் பக்கம் கணக்கப்பிள்ளைவலசை. இராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போனால் வலசை என்று முடியும் ஊர்கள் இன்னும் பல. குத்துக்கல் என்பது செங்குத்தாக நட்டு நிறுத்திய கல். எல்லைக்கும் நடுவார்கள், நினைவுக்கும் நடுவார்கள். வலசை என்ற சொல்லுக்கு, படைக்கோ பஞ்சத்துக்கோ அஞ்சி மக்கள் கூட்டமாக இடம்பெயர்ந்து போவது என்று பொருள். அப்படிப் போனவர்கள் தங்கிய இடமும் வலசை ஆனது. இன்றைக்கு நாளிதழ்களில் இந்தச் சொல்லைப் பெரும்பாலும் பறவைகளுக்கும் யானைகளுக்கும்தான் பார்க்கிறோம்: வலசைப் பறவைகள், யானை வலசைப் பாதை.

மக்களுக்கு இருந்த சொல் விலங்குகளுக்கும் போனதில் நமக்கு வருத்தம் எதுவும் இல்லை. யானைக்கும் பாதை வேண்டும். நம் கவலை வேறு. 'வலசைப் பாதையைக் காப்போம்' என்று அரசும் நீதிமன்றமும் சூழலியல் அமைப்புகளும் பேசும்போதெல்லாம், வெளியேற வேண்டியவர்கள் பட்டியலில் நிலமற்றவர்களின் பெயர்தான் முதலில் வருகிறது. அந்தப் பாதையை அடைத்தது யார், எந்த ஆண்டில், யாருடைய கையெழுத்தில் என்ற வரலாறு பேசப்படுவதில்லை. மாணவர்களும் இளம் களச் செயற்பாட்டாளர்களும் அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் இந்த விவாதத்துக்குள் போனால், 'காடா, மக்களா' என்ற பொய்க் கேள்விக்குள் சிக்கிக்கொள்வோம்.

மலைத்தொடரில் ஒரு தாழ்வு

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே இரண்டு இடங்களில் தாழ்கிறது. பெரிய தாழ்வு பாலக்காட்டுக் கணவாய். அடுத்தது செங்கோட்டைக் கணவாய். ஆரியங்காவுக் கணவாய் என்றும் சொல்கிறோம். இதற்கு வடக்கே பெரியாறு, மேகமலை, ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடுகள். தெற்கே களக்காடு, முண்டந்துறை, அகத்தியமலைக் காடுகள். நடுவில் புளியரை, செங்கோட்டை, குற்றாலம், தென்காசி. வடக்குக் காட்டு யானை தெற்குக் காட்டுக்குப் போக வேண்டுமென்றால் இந்தத் தாழ்வைத்தான் கடக்க வேண்டும்.

2024இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று இந்திய யானைகளை ஐந்து தனித்த கூட்டங்களாகப் பிரித்துக் காட்டியது. அதில் மூன்று மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கின்றன: பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒன்று, இரண்டு கணவாய்களுக்கும் இடையே ஒன்று, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே ஒன்று. தெற்கே இருப்பது சிறிய கூட்டம். சிறிய கூட்டம் பல தலைமுறைகளாகத் தனித்துக் கிடந்தால் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகும். நோயும் வறட்சியும் வந்தால் தாங்கும் சக்தி குறையும். ஆகவே இந்தக் கணவாயில் வழி வேண்டும் என்று அறிவியல் சொல்வதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை.

காட்டுக்குள் பாதுகாப்பு அறிவிப்புகளுக்குக் குறைவில்லை. 1988இல் களக்காடு–முண்டந்துறை தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது. 2015இல் நெல்லை வனவிலங்கு சரணாலயம் வந்தது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். 2022 ஆகஸ்டில் அகத்தியமலை யானைகள் காப்பகம், சுமார் 1,197 சதுர கிலோமீட்டர். இவை பெரும்பாலும் வனத்துறையின் கல்லுக்கு உள்ளே இருக்கும் நிலம். யானைக்கு அந்தக் கல் தெரியாது. மேக்கரையிலும் வடகரையிலும் தென்னைக்கும் வாழைக்கும் இறங்கி வருகிறது. அந்த அடிவார நிலம் வருவாய்த்துறையின் புறம்போக்காகவோ தனியார் பட்டாவாகவோ இருக்கிறது. வலசைப் பாதையின் எதிர்காலம் இந்த நிலத்தில்தான் தீர்மானமாகும். அதனால்தான் 'உள்ளூர் நிலத்தைப் பாதுகாப்பது' என்ற பேச்சு இப்போது வலுக்கிறது. அந்த நிலம் யாருடையது, எப்படி அவர்களுடையது ஆனது என்று நாம் கேட்க வேண்டிய இடமும் இதுதான்.

பாதையை அடைத்தவர்கள்

1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்து மலைச்சரிவில் ஜாதிக்காய், கிராம்பு போன்ற வாசனைப் பயிர்த் தோட்டங்களை வைத்தது. ஐரோப்பியச் சந்தைக்கு மலையைத் திருப்பிய முதல் முயற்சிகளில் ஒன்று அது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்து காடுகள் அரசின் ஒதுக்குக் காடுகள் ஆயின. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் போனவர்கள் ஒரே நாளில் குற்றவாளிகள் ஆனார்கள். அதே காலத்தில் சிவகிரி, சிங்கம்பட்டி போன்ற ஜமீன்களின் கையில் மலைக்காடுகள் இருந்தன. அங்கே வேட்டை ஜமீனுக்கு உரிமை; சுள்ளி பொறுக்குவது ஏழைக்குக் குற்றம்.

1904இல் கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு மலையைக் குடைந்து ரயில் வந்தது. யானை நடந்த தாழ்வில் தண்டவாளம் ஓடியது. அதற்கு இணையாகச் சாலை அகன்று பின்னாளில் தேசிய நெடுஞ்சாலை ஆனது. மலையின் கேரளப் பக்கத்தில் தேயிலையும் ரப்பரும் ஏறின. 2018இல் இந்த ரயில் பாதை அகலப்பாதையாக மீண்டும் திறக்கப்பட்டது. இன்று கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் புளியரை வழியாக இரவு பகலாகக் கேரளத்துக்குப் போகின்றன. குற்றாலத்தைச் சுற்றித் தனியார் விடுதிகள் பெருகி, இயற்கை நீரோட்டத்தையே திருப்பிச் செயற்கை அருவி கட்டும் அளவுக்குப் போனது. 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டுத்தான் அதன்மேல் நடவடிக்கை தொடங்கியது.

இந்தப் பட்டியலில் கம்பெனி இருக்கிறது, ஜமீன் இருக்கிறது, ரயில்வே இருக்கிறது, குவாரிக்காரரும் விடுதிக்காரரும் இருக்கிறார்கள். நிலத்தைப் பற்றி ஒரு கையெழுத்துக்கூடப் போட முடியாத சேரி மக்கள் இதில் கூலிக்கு வேலை செய்தவர்களாக மட்டுமே வருகிறார்கள்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்–கொச்சியோடும் இருந்தது. அந்தத் திருவிதாங்கூரில் பொதுச்சாலையில் நடக்கவே நமக்கு உரிமை கிடையாது. 1893இல் அய்யன்காளி வில்லுவண்டி ஏறிப் பொதுச்சாலையில் போனது வழிக்கான போராட்டம். இந்திய யானை வழித்தடங்களைப் பற்றி 2005இல் வெளிவந்து 2017இல் விரிவாக்கப்பட்ட முக்கிய நூலின் தலைப்பும் 'கடந்து செல்லும் உரிமை' என்றே பொருள்படும். கடந்து செல்லும் உரிமை என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. யானைக்கு அது மறுக்கப்படும்போது அந்த வலி நமக்குப் புரியும்.

மாஞ்சோலை: 1929 முதல் 2024 வரை

தென்காசிக்குத் தெற்கே, அதே மலைத்தொடரில், நம் வரலாற்றின் பெரிய ஆவணமாக மாஞ்சோலை இருக்கிறது. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் தன் காட்டில் 8,373 ஏக்கரை பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டு குத்தகைக்குக் கொடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எஸ்டேட்டுகள் உருவாயின. மழைக்காட்டை வெட்டித் தேயிலை வைக்கச் சமவெளியிலிருந்து அழைத்துப் போகப்பட்டவர்களில் பெரும்பான்மையினர் தலித்துகள். ஊரில் பண்ணையாரின் வயலில் அடிமைப்பட்ட நிலையிலிருந்து தப்பிக்க மலை ஏறியவர்கள். வலசை என்ற சொல்லின் பழைய பொருள் இவர்களுக்குத்தான் அப்படியே பொருந்தும்.

1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன் நிலம் அரசுக்கு வந்தது. கம்பெனியின் குத்தகை மட்டும் தொடர்ந்தது. உழைத்தவர்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூட வரவில்லை. 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வும், சிறையில் இருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டுத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்கள்மேல் காவல்துறை தடியடி நடத்தியது. தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் இறந்தார்கள். ஒரு கைக்குழந்தையும் அதில் அடக்கம்.

அதன்பிறகு மொழி மாறியது. கூலியும் சங்கமும் பேசப்பட்ட இடத்தில் புலியும் காப்பகமும் பேசப்பட்டன. 2018இல் சிங்கம்பட்டி நிலத்தை அரசு காப்புக்காடாக அறிவித்தது. குத்தகை 2028இல்தான் முடிகிறது. ஆனால் 2024 ஜூனிலேயே கம்பெனி விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளர்களை வேலையிலிருந்து அனுப்பியது. டான்டீ நிறுவனம் தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போனது. 2024 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை ஏற்கவில்லை.

இங்கே வன உரிமைச் சட்டத்தின் ஒரு கணக்கைப் பாருங்கள். 2006இல் வந்த அந்தச் சட்டத்தின்படி, பழங்குடி அல்லாத பிற காடுவாழ் மக்கள் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். கணக்குப் போட்டால் 1930 டிசம்பர் வருகிறது. குத்தகை 1929. முதலில் மலை ஏறிய குடும்பங்களின் வாரிசுகள் அந்தக் கோட்டின் விளிம்பில் நிற்கிறார்கள். அந்த ஆண்டின் கூலிப் பேரேடு கம்பெனியிடம் இருந்திருக்கும். தொழிலாளியின் லயன் வீட்டில் இருந்திருக்காது. காட்டை அழித்த கம்பெனிக்கு ஒரு நூற்றாண்டு லாபம். காட்டை மீட்கும் செலவு, அந்தக் காலம் முழுக்க கொழுந்து பறித்தவர்களின் வீடு.

நீலகிரியிலும் இதே கதைதான் நடக்கிறது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களுக்காக 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அவர்களில் பெரும்பகுதியினர் திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து கடல் கடந்த தலித் குடும்பங்களின் வழிவந்தவர்கள். அரசே அவர்களை யானைக்காட்டில் குடியமர்த்தியது. இப்போது அந்தத் தோட்டங்களின் பகுதிகள் வனத்துறைக்குத் திரும்புகின்றன. ஓய்வுபெற்றவர்கள் லயனைக் காலி செய்ய வேண்டியிருக்கிறது. 2024 ஏப்ரல் இறுதியில் தமிழ்நாட்டுக்கு 42 யானை வழித்தடங்கள் என்ற வரைவு அறிக்கை வந்தபோது, கருத்துச் சொல்லக் கொடுத்தது சில நாள்கள்தான். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. கூடலூர் மக்கள் தெருவுக்கு வந்ததில் வியப்பில்லை.

அடிவாரத்தில் நமக்கு ஏன் நிலம் இல்லை

மலைமேல் மாஞ்சோலை என்றால், அடிவாரத்தில் பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்கீர் 1891இல் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று சென்னை மாகாண அரசு, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒப்படைக்கும் ஆணைகளைப் பிறப்பித்தது. பத்து ஆண்டு வரை யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் அதே வகுப்பாருக்கு மட்டுமே மாற்றலாம். சுமார் 12 லட்சம் ஏக்கர் அப்படி ஒப்படைக்கப்பட்டது என்பது நம் இயக்கங்கள் தொடர்ந்து சொல்லிவரும் கணக்கு. அதில் பெரும்பகுதி இன்று வேறு கைகளில் இருக்கிறது. 1994 அக்டோபரில் காரணை பஞ்சமி நில மீட்புக்காகச் செங்கல்பட்டில் திரண்டபோது ஜான் தாமசும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள்.

நம் பகுதியில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அந்த ஆணை சென்னை மாகாணத்துக்கு உரியது. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர். அங்கே அது செல்லாது. ஜமீன் கிராமங்களிலும் நிலம் அரசின் கையில் இல்லாததால் ஒப்படைக்க அரசிடம் எதுவும் இல்லை. ஆக, மலையடிவாரத்தில் ஒரு பக்கம் சமஸ்தானம், இன்னொரு பக்கம் ஜமீன், நடுவில் கொஞ்சம் ரயத்துவாரி கிராமங்கள். யானை இறங்குகிற நிலத்தில் நமக்குப் பட்டா ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்விக்கு இதுவும் ஒரு விடை. கிடைத்த கொஞ்சமும் 1980களின் யுடிஆர் நில அளவைக்குப் பிறகு பதிவேட்டில் நிபந்தனைக் குறிப்பு இல்லாமல் போனதைப் பல மாவட்டங்களில் பார்க்கிறோம்.

இதன் விளைவு அன்றாடத்தில் தெரியும். யானை வாழையை மிதித்தால் இழப்பீடு பட்டா வைத்திருப்பவருக்கு. வாரத்துக்கும் வாய்மொழிக் குத்தகைக்கும் பயிர் வைத்தவருக்குக் காட்ட ஒரு தாளும் இல்லை. தோப்புக்காரர் நகரத்தில் தூங்குகிறார். இரவுக் காவலுக்குப் பட்டாசும் டார்ச்சும் வைத்துக்கொண்டு மரத்தடியில் இருப்பது நம் ஆள். சட்டவிரோத மின்வேலியில் யானை செத்தால் முதலில் விசாரணைக்கு இழுக்கப்படுபவரும் அவரே.

'உள்ளூர்' என்றால் யாருடைய ஊர்?

சூழலியல் அமைப்புகள் இப்போது 'உள்ளூர்ச் சமூகத்தின் பங்கேற்பு' என்று பேசுகின்றன. நல்ல பேச்சுதான். ஆனால் சமூகவியல் படித்தவர்கள் அந்த இரண்டு சொற்களிலும் நிதானிக்க வேண்டும். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், கிராமத்தைப் புகழ்ந்தவர்களுக்கு நேராக, அது குறுகிய புத்தியும் சாதியும் தேங்கிய குட்டை என்ற பொருளில் பேசினார். அதன் பொருள் நமக்கு 1997இல் மேலவளவில் தெரிந்தது: ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1996 முதல் 2006 வரை பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் தலித் தலைவர் பொறுப்பேற்றுப் பணியாற்றவே முடியவில்லை. இப்படிப்பட்ட ஊரில் 'உள்ளூர் மக்களே நிலத்தைப் பாதுகாப்பார்கள்' என்றால், குளத்து உள்வாயும் ஓடையும் பொத்தையும் யார் கட்டுப்பாட்டில் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

அதற்காக உள்ளூர் வழி கூடாது என்று நாம் சொல்லவில்லை. களக்காடு–முண்டந்துறையைச் சுற்றி 1990களின் பிற்பாதியில் கிராம வனக்குழுக்கள் வைத்து, காட்டு விறகை நம்பியிருந்த குடும்பங்களுக்குச் சிறுகடனும் மாற்றுத் தொழிலும் கொடுத்தார்கள். தலைச்சுமை விறகுக்குக் காட்டுக்குப் போவது குறைந்தது. ஏழைப் பெண்ணின் பிழைப்பைத் தொட்டபோதுதான் காடும் பிழைத்தது. வயநாட்டில் திருநெல்லி–குதிரக்கோடு வழித்தடத்துக்காகத் தனியார் நிலத்தை விலைக்கு வாங்கி, குடியிருந்தவர்களுக்கு வேறிடத்தில் நிலமும் வீடும் கொடுத்து, 2015இல் அந்த நிலத்தை வனத்துறையிடம் ஒப்படைத்தார்கள். காசு கொடுத்து வாங்குவது துரத்துவதைவிட நாகரிகமான வழி. ஆனால் விற்க நிலம் வைத்திருப்பவருக்குத்தான் விலை கிடைக்கும். அந்த நிலத்தில் கூலி வேலை பார்த்துப் பிழைத்தவருக்கு நிலம் கைமாறும் நாளில் வேலையும் போகிறது. அவர் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை.

நாம் கேட்க வேண்டியவை

2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அகத்தியமலை நிலப்பரப்பு முழுவதிலும் காட்டுக்கு ஒவ்வாத நடவடிக்கைகளைக் கணக்கெடுக்கச் சொல்லியிருக்கிறது. பெரியாறு, ஸ்ரீவில்லிபுத்தூர், மேகமலை, திருநெல்வேலிக் காடுகள் அதில் வருகின்றன. கணக்கு வரும்போது குவாரியும் விடுதியும் எஸ்டேட் கம்பெனியும் முதல் பக்கத்தில் வருமா, சேரியும் லயனும் முதல் பக்கத்தில் வருமா என்பது நாம் எவ்வளவு தயாராக இருக்கிறோம் என்பதையும் பொறுத்தது.

முதல் வேலை ஆவணம். உங்கள் ஊரின் அ-பதிவேட்டையும் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பஞ்சமி நிலம், ஓடை, மேய்ச்சல் புறம்போக்கு எங்கே மறைந்தது என்று தெரியும். ஆக்கிரமிக்கப்பட்ட ஓடையும் புறம்போக்கும் மீண்டால் அது யானைக்கும் வழி, ஆட்டுக்கும் வழி. பஞ்சமி நிலம் மீண்டால், வழித்தடத்தின் ஓரத்தில் யானை விரும்பாத பயிர் வைப்பதா, இழப்பீட்டோடு தரிசாக விடுவதா என்று முடிவெடுக்கும் உரிமை அந்த நிலத்துக்கு உரியவர்களிடம் இருக்கும்.

இரண்டாவது, சம்மதம். வன உரிமைச் சட்டமும், 2006இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், உரிமைகளை முடிவு செய்யாமலும் கிராம சபையின் சம்மதம் இல்லாமலும் புலிகள் காப்பகத்திலிருந்து காடுவாழ் மக்களை வெளியேற்றுவதைத் தடுக்கின்றன. அந்தச் சம்மதம் ஆதிக்க சாதித் தெருவின் கைதூக்கலாக முடிந்துவிடாமல், நிலமற்றவர்களையும் பெண்களையும் தனியாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று கோருவோம்.

மூன்றாவது, வேலை. வேட்டைத் தடுப்புக் காவலர், யானை விரட்டும் குழு, காட்டை மீட்கும் நாற்றங்கால் ஆகிய எல்லாவற்றிலும் நம் பிள்ளைகள் தினக்கூலிகளாகவும் தற்காலிக ஊழியர்களாகவும்தான் இருக்கிறார்கள். எஸ்டேட்டை இழந்தவர்களுக்கு, மீளும் காட்டில் நிரந்தர அரசு வேலை வேண்டும். அந்த மலையின் ஒவ்வொரு வளைவும் அவர்களுக்குத் தெரியும்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். நிலத்தில் நம் பங்கு அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. யானைக்குப் பாதை விட நிலம் தேவை என்றால், அதை நிறைய வைத்திருப்பவர்களிடமிருந்தும், சட்டத்தை மீறி வைத்திருப்பவர்களிடமிருந்தும் கேட்கத் தொடங்க வேண்டும். அடுத்த கிராம சபைக்குப் போகும்போது அ-பதிவேட்டின் நகலைக் கையில் கொண்டுபோங்கள். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் வட்டங்களில் இந்த வேலையைத் தொடங்கும் மாணவர்கள் தங்கள் ஊரின் கணக்கை எழுதி அனுப்புங்கள். ஊர் ஊராகச் சேர்த்து ஒரு வரைபடம் ஆக்குவோம்.

ஜெய்பீம்.